நாலாவது பாகத்தின் முதல் பக்கம்

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கல்லூரி வருகைப் பதிவேட்டோடு சரி. நர்சிங் விடுதியில் சமையல்கார அம்மா முதல் வார்டன் வரை எல்லோருக்கும் அவள் சிக்கனம். பெயர் வந்த காரணம் சோப்போ எண்ணெயோ அல்ல, புத்தகம். எந்தப் புத்தகத்தையும் முழு விலை கொடுத்து வாங்கியதில்லை என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வாங்க முடிந்ததில்லை என்பதுதான் உண்மை.

பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள்மேல் அவளுக்குத் தீராத கோபம் இருந்தது. ஒவ்வொன்றும் செங்கல் கனம். விலையைப் பார்த்தால் முதலுதவி நமக்குத்தான் தேவைப்படும். போதாததற்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அட்டைப்படத்தை மாற்றி, பாடங்களை முன்னே பின்னே தள்ளி, புதிய பதிப்பு என்று விலையை ஏற்றிவிடுவார்கள். மனுஷனுக்கு இரண்டு வருடத்தில் புதிதாக எலும்பா முளைத்துவிடுகிறது என்று கேட்பாள். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

அவளுடைய அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். கல்லூரி அவளுக்குக் கட்டணச் சலுகை கொடுத்திருந்தது. ஒரு பாடத்தில் தவறினாலும் சலுகை போய்விடும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சலுகை போனால் படிப்பு போயிற்று, வீட்டைக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆக, தேறியாக வேண்டும், தேறப் புத்தகம் வேண்டும், புத்தகம் வாங்க வழியில்லை. இதற்கு நடுவில்தான் அவளுடைய கல்லூரி வாழ்க்கை ஓடியது.

ஓடியது என்றால் நிஜமாகவே ஓடினாள். பழைய பேப்பர் கடையில் கட்டு தராசில் ஏறுவதற்குள் போய் நிற்பாள். கடைசி வருட அக்காக்கள் பிரிவு விழாவில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய், "அக்கா, உங்க உடற்கூறு புத்தகத்தை யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்பாள். அழுகை சட்டென்று நின்றுவிடும். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், ஆனால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

இந்த வேட்டையில் அவளுக்குக் கூட்டு, அதே அறையில் இருந்த நெட்டை. பழைய புத்தகக் கடையில் ஏணி போடாமல் மேல் தட்டுக்குக் கை எட்டும் ஒரே வாடிக்கையாளர் அவள்தான். சிக்கனம் பக்க எண்களைச் சரிபார்ப்பாள். நெட்டை கிழிசலைப் பார்ப்பாள். அது அவளுடைய தனித் திறமை. ஏதாவது பக்கம் இல்லையென்றால், கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவி வெளிச்சத்தில் பிடிப்பாள். ஓரம் மஞ்சளாக இருந்தால் பழைய கிழிசல், பாவம், எந்தக் காலத்திலோ போனது. வெள்ளையாக இருந்தால் புதுக் கிழிசல், அதில் ஏதோ விஷயம் இருக்கிறது.

"அண்ணே, இதைக் கிழிச்சு ரெண்டு நாள்கூட ஆகல. ஓரம் பளிச்சுனு இருக்கு பாருங்க. இந்தப் பக்கத்துல எந்த லைப்ரரி முத்திரை இருந்துச்சு?"

கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்ப்பார். "மெதுவாப் பேசும்மா. என்ன குடுக்கறியோ குடுத்துட்டுப் போ. நீங்க ரெண்டு பேரும் நர்சாகப் போறீங்களா, போலீசாகப் போறீங்களா?"

இரண்டாம் வருடத்தில் இந்தத் திறமைக்கெல்லாம் அடங்காத புத்தகம் ஒன்று வந்தது. நோய்களும் நோயாளிப் பராமரிப்பும் பற்றிய பெரிய புத்தகம். அதைத் தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கவேண்டும். அதிலும் நரம்பு மண்டலப் பாடத்தை யாரோ ஒரு புண்ணியவதி பிளேடு போட்டு அறுத்துக்கொண்டு போயிருந்தாள். கடைக்காரரிடம் பழைய பதிப்பு ஒன்று கிடைத்தது. பழைய விலையே ஒருத்திக்குத் தாங்காது. அறையில் இருந்த நாலு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். சிக்கனம், நெட்டை, குளியலறையில் ஓயாமல் பாடும் பாடகி, எங்கே உட்கார்ந்தாலும் கண்ணை மூடிவிடும் தூங்குமூஞ்சி.

வாங்கியாகிவிட்டது. நாலு பேர் ஒரு புத்தகத்தை எப்படிப் படிப்பது? அந்த விடுதியில் அதற்கு ஒரு வழி உண்டு. பைண்டிங் கடையில் கொடுத்துப் புத்தகத்தை நாலாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாகமாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் மாற்றிக்கொள்வார்கள். முறை தவறக் கூடாது. யாருக்கு ஜுரம் வந்தாலும், யார் யாரோடு பேசாமல் இருந்தாலும், ஞாயிறு வந்தால் பாகம் கை மாறியாக வேண்டும்.

பைண்டிங் கடைக்காரர் நல்லதைத்தான் சொன்னார். "பாடம் முடியற இடமாப் பாத்து வெட்டித் தரேன்மா. நடுவுல வெட்டினா படிக்க நல்லா இருக்காது."

"அப்படி வெட்டினா ஒரு பாகம் தடியா இருக்கும், ஒண்ணு ஒல்லியா இருக்கும்," என்றாள் சிக்கனம். "ஒரே வாரந்தானே? தடிப் பாகம் வந்தவ என்ன பாவம் பண்ணினா?"

"ஆமாமா, சரிசமமா வெட்டுங்க," என்றார்கள் மற்ற மூவரும். முந்தின வருடம் பக்கத்து அறையில் இப்படித்தான் தடி ஒல்லி என்று சண்டை வந்து, கடைசியில் இரண்டு பேர் பரீட்சை வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

சிக்கனமே ஸ்கேல் வைத்து அளந்து, முதுகில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்தியை இறக்கினார். நாலு பாகமும் அச்சுப் போட்ட மாதிரி ஒரே கனம். சீட்டுப் போட்டதில் சிக்கனத்துக்கு முதல் பாகம், தூங்குமூஞ்சிக்கு இரண்டாவது, நெட்டைக்கு மூன்றாவது, பாடகிக்கு நாலாவது.

அந்த வாரமே நெட்டைக்கு வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா. இரண்டு உடுப்பை எடுத்துப் பையில் போட்டவள், மூன்றாவது பாகத்தையும் மேலே வைத்துக்கொண்டாள். "பஸ்ல சும்மாதானே உக்காந்திருக்கணும், படிச்சுடறேன். ஞாயித்துக்கிழமை வந்துருவேன்டி, என் முறையை யாரும் சாப்பிட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு வந்தது, நெட்டை வரவில்லை. இருந்த மூன்று பாகத்தையும் மாற்றிக்கொண்டார்கள். பாடகி தன் முறை முழுக்க நாலாவது பாகத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள், பிரிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் சிக்கனம் அதை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி முதல் வரியை வாசித்தாள்.

"பெறுவது மிகவும் அரிது."

"எதைப் பெறுவது?" என்றாள் தூங்குமூஞ்சி, கண்ணைத் திறக்காமலே.

"யாருக்குத் தெரியும்? அது மூணாவது பாகத்துல போயிருச்சு."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதோடு விட்டார்களா? அது அறையின் வாசகம் ஆகிவிட்டது. விடுதித் தேநீரில் சர்க்கரை? பெறுவது மிகவும் அரிது. வார்டனிடம் ஒரு சிரிப்பு? பெறுவது மிகவும் அரிது. வீட்டிலிருந்து கடிதம், குழாயில் வெந்நீர், செய்முறைத் தேர்வில் நல்ல வார்த்தை என்று எதற்கெடுத்தாலும் அதுதான். பக்கத்து அறைக்காரிகள்கூட அர்த்தம் தெரியாமல் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நெட்டை படிப்பை விட்டுவிட்டாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சிக்கனம் ஒரு கடிதம் போட்டாள், பதில் இல்லை. கைபேசி எல்லார் கைக்கும் வந்திராத காலம் அது. மாதங்கள் போயின, பரீட்சைத் தேதி வந்தது. நரம்பு மண்டலத்திலிருந்து ஒரு பெரிய கேள்வி கட்டாயம் வரும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். நரம்பு மண்டலம் முக்கால்வாசி மூன்றாவது பாகத்தில் இருந்தது. புத்தகம் வைத்திருந்த மற்ற பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தாள். பரீட்சை சமயத்தில் புத்தகத்தைக் கடன் கேட்பதும் ஒன்று, சிறுநீரகத்தைக் கடன் கேட்பதும் ஒன்று. "நாங்களே படிக்கல, உனக்கு எப்படித் தரது?" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

வேறு வழி? விலாசத்தை எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் நெட்டையைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனாள். ஒரு தபால் அட்டை போட உனக்கு என்ன கேடு? நாலு பேர் சேர்ந்து வாங்கிய புத்தகத்தை நீ மட்டும் கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? என் படிப்பு போனால் நீயா வந்து கட்டுவாய்?

ஒரு மாடிக் குடியிருப்பில், படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. நெட்டை தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் ரொட்டியைப் பாலில் பிசைந்துகொண்டிருந்தாள். கட்டிலில் அவளுடைய அம்மா, தலையணைகளால் முட்டுக் கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. சிக்கனம் இரண்டு வருடமாக வார்டில் நிற்கிறவள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேர்த்து வைத்த திட்டெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"அடி, சிக்கனமா! வா வா," என்று நெட்டை எழுந்தாள். பழைய சிரிப்புதான், முகம்தான் பாதியாகியிருந்தது. "அம்மா, யாரு வந்திருக்கா பாரு. நான் சொல்வேனே, அழற அக்காங்ககிட்ட புத்தகம் கேப்பான்னு, அவதான்."

அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண் சிரித்தது, வார்த்தை வரவில்லை.

"பேசறதில்லையா?" என்று கேட்டாள் சிக்கனம்.

"அன்னைக்கு விழுந்ததுல இருந்து இல்லடி. எல்லாம் புரியுது, சொல்லத்தான் முடியல. டாக்டரைக் கேட்டா 'பாக்கலாம்'ங்கறார். எப்பப் போனாலும் 'பாக்கலாம்'. பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு நம்ம பாடத்துல எங்கயும் போடலியே." ஒரு வாய் ஊட்டி, வழிந்ததைத் துண்டால் துடைத்தாள். "உன் கடுதாசி வந்துச்சு. எடுத்து எடுத்துப் பாத்தேன், என்னன்னு எழுதறதுன்னு தெரியல. கோவிச்சுக்கிட்டியா?"

"சீச்சீ," என்றாள் சிக்கனம். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நெட்டை கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவின் தலைமாட்டிலிருந்து மூன்றாவது பாகத்தை எடுத்தாள். பிரவுன் தாளில் அட்டை போட்டிருந்தது. ஓரங்கள் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன.

"இதுக்குத்தானே வந்தே? எடுத்துக்க. எனக்கு இது மனப்பாடமே ஆயிருச்சு. ஆனா ஒண்ணுடி, இந்தப் பாழாப்போன பாகம் நல்ல இடமாப் பாத்து நிக்குது." கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்து வாசித்தாள். "'வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் நின்று, பல மாதங்கள் கடந்துவிட்ட நோயாளிகள் பேசும் திறனை மீண்டும்'… அவ்வளவுதான். மீண்டும்! மீண்டும் என்னன்னு போடல. மிச்சம் நாலாவதுல."

நெட்டை தலை நிமிர்ந்து சிக்கனத்தைப் பார்த்தாள்.

"நாலாவது பாகத்தைத்தான் நீங்கல்லாம் படிச்சிருப்பீங்களே. முதல் வரி என்னடி?"

விடுதியே சொல்லிச் சொல்லிச் சிரித்த வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கட்டிலிலிருந்து அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் புரியும் என்று நெட்டை சொன்னாளே.

"ஞாபகம் இல்லடி," என்றாள் சிக்கனம். "நான் அதைச் சரியாப் படிக்கல."

"நீயா? நீ சரியாப் படிக்கலயா?" நெட்டை சிரித்தாள். "சரி விடு. பரீட்சை முடிஞ்சதும் நாலாவதைக் கொண்டு வா. அடுத்தது என் முறைதான், மறந்துறாத. முறைன்னா முறை."

கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு என்ன சொல்ல முடியும்? பஸ்ஸில் மடிமேல் அந்தப் பாகம் கனத்தது. பிரிக்கவே இல்லை.

அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பாடகி எழுந்து வெளியே போனாள். அன்றைக்குப் பாட்டு இல்லை. அதற்குப் பிறகு அந்த வாசகத்தையும் அறையில் யாரும் சொல்லவில்லை. பக்கத்து அறைக்காரி ஒருத்தி தேநீர் வரிசையில் அதைச் சொன்னபோது, வாயே திறக்காத தூங்குமூஞ்சி அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். எதற்கு என்று தள்ளப்பட்டவளுக்குத் தெரியாது, தள்ளியவளால் சொல்லவும் முடியாது.

சிக்கனம் ஒரு காரியம் செய்தாள். பெரிய புத்தகக் கடைக்குப் போய், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, முதல்முறையாகப் புதிய பதிப்பைக் கையில் எடுத்தாள். நம்முடையது பழைய பதிப்புதானே, இத்தனை வருடத்தில் ஏதாவது கண்டுபிடித்திருக்க மாட்டார்களா? விலையை ஏற்றத்தானே மாற்றுகிறார்கள், ஒருமுறை இதற்காகவாவது மாற்றியிருக்கக் கூடாதா? விற்பனைப் பெண் முறைத்துக்கொண்டு நிற்க, நின்றபடியே தேடினாள். அட்டைப்படம் மாறியிருந்தது. படங்கள் கலரில் இருந்தன. வரி மாறவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்த நோயாளியின் பராமரிப்பும் எதிர்காலமும். மூன்றாவது பாகத்தின் கடைசி வரியையும் நாலாவது பாகத்தின் முதல் வரியையும் சேர்த்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் அவள் எழுதி முடித்தாள். நல்ல மதிப்பெண் வந்தது. சலுகை நிலைத்தது. அப்பா கிடங்கில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். அழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

இனி நாலாவது பாகம். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். போகவில்லையென்றால், ஏன் வரவில்லை என்பதிலிருந்தே நெட்டை தெரிந்துகொள்வாள். கொண்டுபோனால் முதல் வரியிலேயே தெரிந்துகொள்வாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். புறப்படுகிற அன்று காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, நின்றவாக்கிலேயே முதல் பக்கத்தைப் பிடித்துக் கிழித்தாள். புத்தகத்தின் மூலையை மடக்கினாலே சண்டைக்குப் போகிறவள் அவள். கிழித்த தாளைச் சுக்குநூறாக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அந்த ஒற்றை அறையில் எதுவும் மாறவில்லை. தையல் இயந்திரத்தில் பாதி தைத்த துணி இருந்தது. அம்மா அதே தலையணைகளில் உட்கார்ந்திருந்தார். சிக்கனத்தைப் பார்த்ததும் இடது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"பாஸாயிட்டியா?"

"ம்."

"தெரியும்டி! அம்மா, பாஸாயிட்டாளாம்." நெட்டை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாலாவது பாகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அம்மாவின் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு அட்டையைத் திறந்தாள்.

"என்னடி இது, நடுவுல ஆரம்பிக்குது?"

"முதல் பக்கம் இல்ல," என்றாள் சிக்கனம். "வாங்கும்போதே இல்லபோல. நாம கவனிக்கல."

நெட்டையின் கட்டைவிரல் தானாகக் கிழிந்த ஓரத்துக்குப் போயிற்று. அப்போதுதான் சிக்கனத்துக்கு உறைத்தது. எத்தனை கடைக்காரர்களை இந்த விரல் பிடித்திருக்கிறது! கிழிக்கும்போது இது ஒன்று மட்டும் நினைவுக்கு வராமல் போயிற்றே. வாங்கும்போது பக்க எண்களைச் சரிபார்த்ததும் அவளேதான். அது நெட்டைக்குத் தெரியாதா?

விரல் ஓரத்தில் மேலிருந்து கீழே மெல்லப் போயிற்று. நெட்டை புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்து, கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளாகப் போன தாள்களுக்கு நடுவில் அந்த ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிக்கனம் தரையைப் பார்த்தாள். நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கும் துணிவு அவளுக்கு இல்லை.

அம்மா என்னவோ கேட்கிற மாதிரி சத்தம் எழுப்பினார். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் நெட்டை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒரு பக்கம் இல்ல, அவ்வளவுதான். பழைய கிழிசல்."

புத்தகத்தை மூடி அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, ரொட்டிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.